கம்பைல் முடிந்தது, ஓட மறுக்கிறது: ஷேர்டு லைப்ரரி சிக்கலைத் தீர்க்கும் வழி

லினக்ஸில் முதன்முதலாகச் சோர்ஸ் கோடில் (எழுதிய மூல வரிகளில்) இருந்து ஒரு மென்பொருளைக் கட்டுகிறவர்கள், அதைக் கம்பைல் செய்யும்போது, அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும்போது, பட்ட பாட்டைவிட, கம்பைல் முடிந்த பிறகு படும் பாடுதான் பெரிது. மேக் என்ற கட்டும் கட்டளை ஒரு எரரும் இல்லாமல் முடிந்திருக்கும். புரோகிராமை ஓட்டிய உடனே ஒரு வரி வந்து நிற்கும்: "எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்: லிப்ஜிஎஸ்எல்.எஸ்ஓ.27: கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி."

காட்பாடியிலும் பாகாயத்திலும் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள், குடியாத்தம், ஆற்காடு பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள், சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முதுகலை படிப்பவர்கள் என்று பலரும் லேப்டாப்பைத் திறந்து காட்டிக் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, ஃபைல் அங்கதான் இருக்கு. எல்எஸ் போட்டா தெரியுது. அப்புறம் ஏன் இல்லன்னு சொல்லுது?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் இந்த வகைச் சிக்கல்களில் பெரும்பாலானவை பத்து நிமிட வேலையாகிவிடும். பதில் தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் நன்றாக இருந்த சிஸ்டமும் கெட்டுப்போகும். அதனால் காரணத்தை முதலில் சொல்கிறேன், கட்டளைகள் பிறகு வரும்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தேடுவது இரண்டு பேர்

சி மொழியில் எழுதிய ஒரு புரோகிராமை ஜிசிசி என்ற கம்பைலர் கொண்டு கட்டும்போது கடைசிக் கட்டத்தில் லிங்கர் வருகிறது. அதன் பெயர் எல்டி. உங்கள் கோடில் அழைத்திருக்கும் ஃபங்ஷன்கள் எந்த லைப்ரரியில், அதாவது தயாராக எழுதி வைத்த ஃபங்ஷன்களின் எந்தத் தொகுப்பில், இருக்கின்றன என்று அது தேடிப் பார்க்கும். கண்டுபிடித்ததும் அந்த லைப்ரரியின் பெயரை மட்டும் உங்கள் புரோகிராமுக்குள் குறித்து வைக்கும். லைப்ரரியின் உள்ளடக்கத்தை எடுத்து உள்ளே வைக்காது. ஷேர்டு லைப்ரரி என்பதன் பயனே அதுதான்: ஒரே ஃபைலை நூறு புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளலாம், நினைவகம் மிச்சம்.

புரோகிராமை நீங்கள் ஓட்டும்போது லிங்கர் அங்கே இல்லை. இப்போது லோடர் என்ற வேறொருவர் வருகிறார். 64 பிட் இன்டெல் கணினிகளில் /லிப்64/ என்ற இடத்தில் எல்டி-லினக்ஸ் என்று தொடங்கும் பெயரில் அந்த ஃபைல் இருக்கும். உங்கள் புரோகிராமுக்குள் குறித்து வைத்த பெயரைப் படித்து, அந்த லைப்ரரியை மறுபடியும் முதலில் இருந்து தேடுவது இவர் வேலை. லிங்கர் தேடிய இடங்களும் லோடர் தேடும் இடங்களும் ஒன்றல்ல. எல்லாச் சிக்கலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

காட்பாடி ஜங்ஷனில் இறங்கும் வெளியூர்க்காரர் "சிஎம்சி போகணும்" என்று மட்டும் சொன்னால், ஊருக்குள் ஐடா ஸ்கடர் சாலையில் இருக்கும் ஆஸ்பத்திரியா, ராணிப்பேட்டை வளாகமா, பாகாயமா என்று ஆட்டோக்காரர் கேட்பார். பெயர் சரியாகத்தான் இருக்கிறது, போய்ச் சேர முகவரி வேண்டும். லோடரின் நிலையும் அதுதான். அதன் கையில் பெயர் இருக்கிறது. முகவரியை நாம்தான் சொல்ல வேண்டும், அல்லது அது வழக்கமாகப் பார்க்கும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

லோடர் பார்க்கும் வரிசை இது. புரோகிராமுக்குள்ளேயே ஆர்பாத் என்ற பழைய வகைக் குறிப்பு இருந்தால் முதலில் அதைப் பார்க்கும். அடுத்து எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி (டெர்மினலில் நாம் ஒரு மதிப்பைக் கொடுத்து வைக்கும் பெயர்). அப்புறம் புரோகிராமுக்குள் இருக்கும் ரன்பாத் குறிப்பு. அதன் பிறகு, லைப்ரரிகள் இருக்கும் இடங்களைத் தொகுத்து வைத்திருக்கும் /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற பட்டியல். கடைசியாக /லிப், /யூஎஸ்ஆர்/லிப் ஆகிய இரண்டு இடங்கள். ஆர்பாத், ரன்பாத் இரண்டும் சேர்ந்து இருந்தால் ஆர்பாத்தைக் கண்டுகொள்ளாது. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்வேன், அவ்வளவு தேவைப்படும்.

ஒரு லைப்ரரிக்கு மூன்று பெயர்

உதாரணத்துக்கு ஜிஎஸ்எல் என்ற குனு சயின்டிஃபிக் லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். தொகையீடு, தற்செயல் எண்கள், அணிகள் போன்ற கணக்குகளுக்கு இயற்பியல், புள்ளியியல் மாணவர்கள் அடிக்கடி கேட்பது அது. உங்கள் லேபில் உபுண்டு 20.04 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆப்ட் என்ற, மென்பொருள் நிறுவும் கருவி வழியாகக் கிடைப்பது ஜிஎஸ்எல் 2.5. உங்களுக்கு வேண்டியது 2.7.1. அதனால் சோர்ஸை இறக்கி நீங்களே கட்டுகிறீர்கள்.

./கான்ஃபிகர்
மேக்
சூடோ மேக் இன்ஸ்டால்

சூடோ என்பது ரூட், அதாவது நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது. முடிந்ததும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் என்ற டைரக்டரியில் பாருங்கள். ஒரே லைப்ரரி மூன்று பெயரில் நிற்கும். லிப்ஜிஎஸ்எல்.எஸ்ஓ என்பது லிங்கருக்கான பெயர். லிப்ஜிஎஸ்எல்.எஸ்ஓ.27 என்பது லோடருக்கான பெயர், இதைச் சோநேம் என்பார்கள். 27-க்குப் பின்னால் இன்னும் புள்ளி வைத்து எண்கள் கொண்டது உண்மையான ஃபைல். முதல் இரண்டும் அதைச் சுட்டும் சிம்லிங்க்குகள், அதாவது வேறு ஃபைலைக் கைகாட்டும் குறுக்குவழிப் பெயர்கள்.

சோநேமில் இருக்கும் எண்ணும் மென்பொருளின் வெளியீட்டு எண்ணும் வேறு வேறு. ஜிஎஸ்எல் 2.5-ன் சோநேம் எண் 23, 2.7.1-ன் எண் 27. பழைய புரோகிராம்களோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் லைப்ரரியை எழுதியவர்கள் இந்த எண்ணை மாற்றுவார்கள். எண் மாறினால் அது வேறு லைப்ரரி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது உதவும்.

முதல் படி: பேசுவது யார் என்று பாருங்கள்

எரர் வந்ததும் கட்டளையைத் தேடி ஓடாதீர்கள். அந்த வரியைப் பொறுமையாகப் படியுங்கள். யார் குறை சொல்கிறார் என்பது அதிலேயே இருக்கும்.

டாட் எச் என்று முடியும் ஃபைல் கிடைக்கவில்லை என்றால் அது கம்பைலர் பேசுவது. ஹெடர் ஃபைல் (லைப்ரரியின் ஃபங்ஷன்களைக் கம்பைலருக்கு அறிவிக்கும் ஃபைல்) இல்லை, லைப்ரரி வரைக்கும் விஷயம் போகவே இல்லை. உபுண்டு, டெபியனில் -டெவ் என்று முடியும் தொகுப்பையும், ஃபெடோராவில் -டெவெல் என்று முடியும் தொகுப்பையும் நிறுவினால் சரியாகிவிடும். ஜிஎஸ்எல்லுக்கு உபுண்டுவில் லிப்ஜிஎஸ்எல்-டெவ்.

"கேனாட் ஃபைண்ட் -எல்ஜிஎஸ்எல்" என்று வந்தால் லிங்கர் பேசுகிறது. லிங்கருக்கான பெயர், அதாவது எண் இல்லாத லிப்ஜிஎஸ்எல்.எஸ்ஓ, அதன் கண்ணில் படவில்லை. இங்கே பலர் குழம்புவார்கள்: எண் போட்ட ஃபைல் சிஸ்டத்தில் இருக்கும், புரோகிராம்கள் அதை வைத்து ஓடிக்கொண்டும் இருக்கும், ஆனால் எண் இல்லாத சிம்லிங்க் டெவ் தொகுப்பில்தான் வரும். டெவ் தொகுப்பைப் போடுங்கள், அல்லது லைப்ரரி வேறு இடத்தில் இருந்தால் மைனஸ் பெரிய எல் போட்டு அந்த இடத்தைச் சொல்லுங்கள்.

"அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்பதும் லிங்கருடைய குரல்தான். ஃபங்ஷன் பெயர் எந்த லைப்ரரியிலும் கிடைக்கவில்லை என்கிறது. லைப்ரரியையே குறிப்பிடாமல் விட்டிருக்கலாம், அல்லது கட்டளையில் வரிசை தப்பியிருக்கலாம். சோர்ஸ் ஃபைல் முதலில், லைப்ரரிகள் கடைசியில் வர வேண்டும்:

ஜிசிசி கணக்கு.சி -எல்ஜிஎஸ்எல் -எல்ஜிஎஸ்எல்சிபிளாஸ் -எல்எம் -ஓ கணக்கு

லைப்ரரிகளை முன்னால் போட்டால் உபுண்டுவில் லிங்க் ஆகாது. அந்த நேரத்தில் யாரும் அதைக் கேட்கவில்லையே என்று லிங்கர் விட்டுவிட்டுப் போய்விடும். சிபிளாஸ் என்று தொடங்கும் பெயர்கள் கிடைக்கவில்லை என்று வந்தால் நடுவில் இருக்கும் -எல்ஜிஎஸ்எல்சிபிளாஸ் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

"எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்" என்று வந்தால் லோடர் பேசுகிறது. மறுபடி கம்பைல் செய்வதால் இது தீராது. ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பப் போட்டு, மே மாத வேலூர் வெயிலில் லேப்டாப்பைச் சூடாக்க வேண்டாம். மீதிக் கட்டுரை பெரும்பாலும் இவரைப் பற்றித்தான்.

இரண்டாம் படி: என்ன கேட்கிறது, எதைக் கண்டது

எல்டிடி ./கணக்கு

இந்தக் கட்டளை, உங்கள் புரோகிராமுக்கு வேண்டிய ஒவ்வொரு லைப்ரரியையும், லோடர் அதை எங்கே கண்டுபிடித்தது என்பதையும் வரி வரியாகக் காட்டும். அம்புக்குறிக்குப் பின்னால் பாதை இருந்தால் நல்லது. "நாட் ஃபவுண்ட்" என்று இருக்கும் வரிதான் நம் வேலை. அந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், மற்ற வரிகளில் இருக்கும் பாதைகளையும் ஒரு பார்வை பாருங்கள். எதிர்பாராத இடத்தில் இருந்து ஏதாவது வந்திருக்கலாம்.

எங்கிருந்தோ இறக்கிய, நம்பகம் தெரியாத புரோகிராமில் எல்டிடி போடக் கூடாது. சில சூழ்நிலைகளில் அது அந்தப் புரோகிராமையே ஓட்டிவிடும், அதன் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அப்படிப்பட்டவற்றுக்கு இது போதும்:

ரீட்எல்ஃப் -டி ./கணக்கு

இதில் நீடட் என்று குறித்த வரிகள் புரோகிராம் கேட்கும் பெயர்கள். ரன்பாத், ஆர்பாத் இருந்தால் அவையும் இங்கே தெரியும். இதே கட்டளையை லைப்ரரி ஃபைல் மீது போட்டால் அதன் சோநேம் தெரியும். புரோகிராம் கேட்கும் பெயரும் லைப்ரரி சொல்லும் சோநேமும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அவ்வளவும் பார்த்தும் புரியவில்லை என்றால் லோடரையே பேச வைக்கலாம்:

எல்டி_டிபக்=லிப்ஸ் ./கணக்கு

சமக்குறிக்கு இடப்பக்கம் முழுக்கப் பெரிய எழுத்து, வலப்பக்கம் சின்ன எழுத்து. லோடர் எந்தெந்த டைரக்டரிக்குப் போனது, எந்தப் பாதையை முயன்றது என்று எல்லாவற்றையும் திரையில் கொட்டும். மிரள வேண்டாம், லிப்ஜிஎஸ்எல் வரும் இடத்தை மட்டும் தேடுங்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது என்பது என் கருத்து. மேலே சொன்ன தேடல் வரிசை கண் முன்னே நடக்கும்.

மூன்றாம் படி: பட்டியலைப் புதுப்பியுங்கள்

நம் உதாரணத்தில் லைப்ரரி /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-ல் இருக்கிறது. லிங்கர் அந்த இடத்தைத் தானாகவே பார்க்கும், அதனால் கம்பைல் முடிந்தது. லோடரோ அந்த டைரக்டரிக்குள் நேரடியாகப் போகாது. கேஷ் பட்டியலில் இருந்தால்தான் தெரியும். மேக் இன்ஸ்டால் அந்தப் பட்டியலைப் புதுப்பிப்பதில்லை.

இங்கே ஏமாற ஒரு இடம் உண்டு. மேக் இன்ஸ்டால் ஓடும்போது திரையில் "எல்டிகான்ஃபிக் -என்" என்று ஒரு வரி ஓடும். பட்டியல் தயாராகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அந்த -என் போட்டால் சிம்லிங்க்குகள் மட்டும் உருவாகும், பட்டியல் தொடப்படாது. அதைத் தொடர்ந்து கோடு போட்டு, "லைப்ரரீஸ் ஹேவ் பீன் இன்ஸ்டால்டு இன்" என்று தொடங்கும் ஒரு நீண்ட அறிவிப்பும் வரும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. நாம் இங்கே பேசும் முக்கியத் தீர்வுகள் அந்த அறிவிப்பில் சுருக்கமாக இருக்கின்றன.

உபுண்டு, டெபியனில் இந்த ஒரு வரி போதும்:

சூடோ எல்டிகான்ஃபிக்

சரி பார்க்க:

எல்டிகான்ஃபிக் -பி | கிரெப் ஜிஎஸ்எல்

27 என்ற எண்ணோடு ஒரு வரி வந்தால் முடிந்தது, புரோகிராம் ஓடும். டெபியனில் சாதாரண யூசராக இதைத் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரலாம். /எஸ்பின்/எல்டிகான்ஃபிக் என்று முழுப் பாதையோடு கொடுங்கள்.

ஃபெடோரா, ராக்கி போன்றவற்றில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் என்ற இடமே பட்டியலுக்கான அமைப்பில் இருக்காது. உபுண்டுவிலும் லைப்ரரியை /ஆப்ட்/ஜிஎஸ்எல்/லிப் மாதிரி வேறு இடத்தில் போட்டிருந்தால் இதே நிலைதான். அப்போது /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி என்ற டைரக்டரியில் .கான்ஃப் என்று முடியும் ஒரு சின்ன ஃபைலை உருவாக்கி, அதில் டைரக்டரியின் பாதையை ஒரு வரியாக எழுத வேண்டும்:

எக்கோ /ஆப்ட்/ஜிஎஸ்எல்/லிப் | சூடோ டீ /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி/ஜிஎஸ்எல்.கான்ஃப்
சூடோ எல்டிகான்ஃபிக்

சூடோ எக்கோ போட்டு அம்புக்குறியால் எழுத முயன்றால் அனுமதி இல்லை என்று வரும். ஃபைலைத் திறப்பது, நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், அதற்கு ரூட் உரிமை இல்லை. அதனால்தான் நடுவில், தனக்கு வருவதை ஃபைலில் எழுதும் டீ கட்டளை.

இரண்டு ஜிஎஸ்எல் இருந்தால்

இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்தச் சிக்கலில் எரரே வராமல் தப்பான கணக்கு வரக்கூடும். முதலில் ஆப்ட் வழியாக லிப்ஜிஎஸ்எல்-டெவ் போட்டீர்கள். போதவில்லை என்று 2.7.1-ஐயும் சோர்ஸில் இருந்து போட்டீர்கள். இப்போது சிஸ்டத்தில் இரண்டு.

ஜிசிசி ஹெடர் ஃபைல்களைத் தேடும்போது /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூடை முதலில் பார்க்கும். ஆக 2.7.1-ன் ஹெடர் கிடைக்கும். லைப்ரரியைத் தேடும்போது உபுண்டுவில் /யூஎஸ்ஆர்/லிப்-க்குக் கீழே கணினி வகையின் பெயரில் இருக்கும் டைரக்டரி /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-ஐ முந்திக்கொள்ளும். ஆக 2.5-ன் லைப்ரரி கிடைக்கும். தலை ஒன்று, உடல் ஒன்று. சில நேரம் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் வந்து காப்பாற்றும். வராமல் போனால்தான் ஆபத்து.

எல்டிடி போட்டுப் பார்த்தால் 27 இருக்க வேண்டிய இடத்தில் 23 நிற்கும். தீர்வு, கட்டும்போது இடத்தை வெளிப்படையாகச் சொல்வது:

ஜிசிசி கணக்கு.சி -எல்/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் -எல்ஜிஎஸ்எல் -எல்ஜிஎஸ்எல்சிபிளாஸ் -எல்எம் -ஓ கணக்கு

இதில் முதல் எல் மட்டும் பெரிய எழுத்து. இரண்டும் தேவையில்லை என்றால் ஆப்ட் போட்ட டெவ் தொகுப்பை நீக்கிவிடுவது இன்னும் நல்லது. லைப்ரரி இருக்கும் இடத்தைக் கட்டும்போது சொல்லும் பேக்கேஜ்-கான்ஃபிக் என்ற கருவி கொண்டு கட்டும் மென்பொருள் என்றால் பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்ற சூழல் மாறியில், பெரிய எழுத்தில், /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/பிகேஜிகான்ஃபிக் என்று கொடுங்கள். சரியான பதிப்பைத் தேர்ந்துகொள்ளும்.

புரோகிராம் தொடங்கும்போதோ பாதி வழியிலோ "சிம்பல் லுக்கப் எரர்" என்று நின்றாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்: ஒரு பதிப்பை வைத்துக் கட்டி, வேறு பதிப்பை வைத்து ஓட்டுவது.

கல்லூரி லேபில் சூடோ கிடையாது என்றால்

பெரும்பாலான லேப்களில் மாணவர்களுக்கு ரூட் உரிமை தர மாட்டார்கள், தரவும் கூடாது. கவலை இல்லை. உங்கள் ஹோம் டைரக்டரிக்குள்ளேயே எல்லாவற்றையும் போடலாம். கான்ஃபிகர் கொடுக்கும்போதே இடத்தைச் சொல்லுங்கள்:

./கான்ஃபிகர் --பிரிஃபிக்ஸ்=$ஹோம்/.லோக்கல்
மேக்
மேக் இன்ஸ்டால்

ஹோம் என்பது பெரிய எழுத்தில். இனி உங்கள் புரோகிராமைக் கட்டும்போது ஹெடருக்கு மைனஸ் பெரிய ஐ போட்டு .லோக்கல்/இன்க்ளூட், லைப்ரரிக்கு மைனஸ் பெரிய எல் போட்டு .லோக்கல்/லிப் என்று இரண்டையும் கொடுக்க வேண்டும். அதோடு லோடருக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும், அது கேஷ் பட்டியலைத் தாண்டி உங்கள் ஹோமுக்குள் வராது.

ஒருமுறை சோதித்துப் பார்க்க இது போதும்:

எல்டி_லைப்ரரி_பாத்=$ஹோம்/.லோக்கல்/லிப் ./கணக்கு

மாறியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து. அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் செல்லும், பிறகு மறைந்துவிடும். பலர் இதை, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் .பாஷ்ஆர்சி ஃபைலில் எக்ஸ்போர்ட் செய்து நிரந்தரமாக்கிவிடச் சொல்வார்கள். நான் அதை வேண்டாம் என்றே சொல்வேன். நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு புரோகிராமும், எடிட்டர், பைத்தான், பிரவுசர் எல்லாமே, முதலில் உங்கள் டைரக்டரியில் தேடும். அங்கே இருக்கும் ஒரு லைப்ரரியின் பெயர் சிஸ்டத்தில் இருப்பதோடு ஒத்துப்போனால், சம்பந்தமே இல்லாத ஒன்று ஆறு மாதம் கழித்து உடையும். காரணம் யாருக்கும் நினைவிருக்காது. இன்னொன்று: மாறி காலியாக இருக்கும்போது பழைய மதிப்பை முக்காற்புள்ளி வைத்து ஒட்டினால், கடைசியில் வெறும் முக்காற்புள்ளி தொங்கும். லோடர் அதை இப்போது நிற்கும் டைரக்டரி என்று எடுத்துக்கொள்ளும். யாரோ கொடுத்த ஃபோல்டருக்குள் நின்று கட்டளை கொடுத்தால் அவர் வைத்த லைப்ரரி ஏறிவிடலாம்.

சூடோ வழியாக ஓட்டும் புரோகிராமுக்கு இந்த மாறி போய்ச் சேராது. பாதுகாப்புக்காகத் துடைத்துவிடுவார்கள். "சாதாரணமா ஓட்டினா ஓடுது, சூடோ போட்டா லைப்ரரி இல்லங்குது" என்று யாராவது சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நிலையான வழி, முகவரியைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுவது. கட்டும் கட்டளையோடு இதைச் சேருங்கள்:

-டபிள்யூஎல்,-ஆர்பாத்,$ஹோம்/.லோக்கல்/லிப்

டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து, அதையடுத்த எல் சின்ன எழுத்து. கமாவுக்குப் பின் இடைவெளி விடக் கூடாது. கட்டிய பின் ரீட்எல்ஃப் போட்டுப் பாருங்கள், கட்டளையில் ஆர்பாத் என்று எழுதியிருந்தாலும் ரன்பாத் வரியில் உங்கள் பாதை தெரியும். இனி எந்தச் சூழல் மாறியும் வேண்டாம். அந்தப் புரோகிராம் மட்டும் அந்த இடத்தைப் பார்க்கும், மற்றவை பாதிக்கப்படாது. என்னைக் கேட்டால், ரூட் இல்லாத இடத்தில் முதலில் எடுக்க வேண்டிய வழி இதுதான்.

புரோகிராமையும் லைப்ரரியையும் ஒரே ஃபோல்டரில் வைத்து பென்டிரைவில் கொண்டுபோக வேண்டும் என்றால் பாதைக்குப் பதிலாக $ஒரிஜின்/லிப் என்று கொடுக்கலாம். ஒரிஜின் பெரிய எழுத்தில். புரோகிராம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து லிப் டைரக்டரியைப் பார் என்று பொருள். ஷெல் அதைத் தன் மாறி என்று நினைத்து விழுங்கிவிடும், அதனால் ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். மேக்ஃபைலுக்குள் எழுதினால் டாலர் குறி இரண்டு.

ரன்பாத்துக்கு ஒரு எல்லை உண்டு. உங்கள் புரோகிராம் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கு மட்டுமே அது செல்லும். அந்த லைப்ரரி தனக்கென்று கேட்கும் இன்னொரு லைப்ரரிக்குச் செல்லாது. அதற்கு அந்த லைப்ரரியைக் கட்டும்போதே ரன்பாத் கொடுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய ஃபைலில் சேர்க்க பேட்ச்எல்ஃப் என்ற கருவி இருக்கிறது.

சிமேக் என்ற கட்டும் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: பில்ட் ஃபோல்டருக்குள் ஓடும் புரோகிராம், இன்ஸ்டால் செய்த பின் லைப்ரரி இல்லை என்று நின்றால் வியப்படைய வேண்டாம். கட்டும்போது சிமேக் தானே ரன்பாத் வைக்கும், இன்ஸ்டால் செய்யும்போது அதை எடுத்துவிடும். சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத் என்ற மாறியில், பெரிய எழுத்தில், பாதையைக் கொடுத்துவிட்டால் இன்ஸ்டால் செய்த பின்னும் அந்தப் பாதை இருக்கும்.

செய்யவே கூடாத இரண்டு

லைப்ரரி ஃபைலைத் தூக்கி /யூஎஸ்ஆர்/லிப்-ல் காப்பி செய்வது ஒன்று. அந்த டைரக்டரி ஆப்ட்டின் பொறுப்பில் இருப்பது. நீங்கள் வைத்தது அதற்குத் தெரியாது, அடுத்த அப்டேட்டில் இரண்டும் மோதும்.

பெயரை மாற்றி சிம்லிங்க் போடுவது இன்னொன்று. இது மிகவும் பரவியிருக்கிறது. உபுண்டு 22.04-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்துவிட்டது. பழைய புரோகிராம் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 கேட்கும். லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-க்கு அந்தப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று யாரோ எழுதியிருப்பார்கள். சோநேம் எண் ஏன் மாறுகிறது என்று மேலே பார்த்தோம். உள்ளே ஒத்துப்போகாத மாற்றம் இருக்கிறது என்று எழுதியவர்களே சொல்லியிருக்கும்போது பெயரை மட்டும் மாற்றி என்ன பயன்? புரோகிராம் உடனே நின்றால் அதிர்ஷ்டம். நிற்காமல் ஓடினால் எங்கே எதைக் கெடுக்கும் என்று சொல்ல முடியாது, அதுவும் குறியாக்கம் செய்யும் லைப்ரரியில். புரோகிராமைப் புதிய லைப்ரரியோடு மறுபடி கட்டுங்கள். சோர்ஸ் இல்லையென்றால் அதன் புதிய பதிப்பைத் தேடுங்கள்.

"ராங் எல்ஃப் கிளாஸ்" என்று வந்தால் 64 பிட் புரோகிராமுக்கு 32 பிட் லைப்ரரி கிடைத்திருக்கிறது, அல்லது நேர்மாறு. ஃபைல் என்ற கட்டளையை லைப்ரரி மீது போட்டால் எந்த வகை என்று சொல்லிவிடும். லேப்டாப்பில் கட்டியதை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் காப்பி செய்து ஓட்ட முயல்வதும் பலிக்காது, பிராசசரே வேறு. அங்கேயே கட்டுங்கள்.

வீட்டில் ஓடியது, லேபில் ஓடவில்லை

கடைசியாக ஒன்று, புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாளில் அழ வைப்பது. வீட்டு லேப்டாப்பில் உபுண்டு 22.04. கல்லூரிக் கணினியில் 20.04. புரோகிராமைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டினால், லிப்சி.எஸ்ஓ.6-ன் பெயரைச் சொல்லி, "வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்" என்று வரும்.

லைப்ரரி கிடைத்துவிட்டது, பழையதாக இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். ஜிலிப்சி என்பது சி மொழியின் அடிப்படை லைப்ரரி, ஏறக்குறைய எல்லாப் புரோகிராமும் அதைத் தொட்டுத்தான் ஓடும். உபுண்டு 20.04-ல் அதன் பதிப்பு 2.31, 22.04-ல் 2.35. 2021 ஆகஸ்டில் வெளியான 2.34-ல், புரோகிராம் தொடங்கும் இடத்தில் இருக்கும் ஃபங்ஷனுக்கே புதிய பதிப்பு முத்திரை வந்தது. ஆகவே 22.04-ல் கட்டிய, வணக்கம் என்று ஒரு வரி மட்டும் அச்சிடும் சின்னப் புரோகிராம்கூட 20.04-ல் ஓடாது. உங்கள் கோடில் எந்தத் தவறும் இல்லை.

கணினியில் இருக்கும் ஜிலிப்சி பதிப்பைப் பார்க்க:

எல்டிடி --வெர்ஷன்

இதைத் தீர்க்க யாராவது புதிய லிப்சி.எஸ்ஓ.6-ஐ இறக்கிச் சிஸ்டத்தில் வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். எல்எஸ், சிபி, சூடோ எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன. பாதியில் தவறினால் தப்பைத் திருத்தக்கூட ஒரு கட்டளை ஓடாது, லைவ் யூஎஸ்பி போட்டுத்தான் மீட்க வேண்டும்.

ஜிலிப்சி பழைய புரோகிராம்களைக் கைவிடுவதில்லை. பழைய பதிப்பில் கட்டியது புதியதில் ஓடும். அதனால் பென்டிரைவில் சோர்ஸையே கொண்டுபோய் லேபிலேயே கட்டுங்கள். அங்கே கம்பைலர் இல்லை என்றால் வீட்டு லேப்டாப்பில் டாக்கர் என்ற மென்பொருளை நிறுவி, உபுண்டு 20.04 கன்டெய்னருக்குள் (உங்கள் சிஸ்டத்துக்குள்ளேயே தனியாக ஓடும் பழைய உபுண்டு சூழலுக்குள்) கட்டிக்கொண்டு போங்கள். ஜிஎஸ்எல் 2.7.1-ஐயும் அதே கன்டெய்னருக்குள் கட்டி, $ஒரிஜின்/லிப் போட்டு, லிப் ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துப் போக மறக்காதீர்கள். லேபில் ஆப்ட் போட்டு வைத்திருக்கும் 23-ஆம் எண் லைப்ரரி உங்கள் புரோகிராமுக்கு ஆகாது.